கொட்டகையில் கட்டிய படகு

கடலுக்கும் மண்ணூருக்கும் இருபத்தைந்து மைல். அக்கினி நட்சத்திரம் வேறு. ஆனாலும் கோதண்டத்தின் மாட்டுக் கொட்டகையில் நின்ற படகு இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

அறுபத்தாறாம் வருஷப் புயலில் முதுகொடிந்த பாய்மரப் படகு அது. துறைமுக ஏலத்தில் மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்க, கோதண்டம் அடிவயிற்று ஓட்டைக்குள் கையைவிட்டு, பாரத்துக்கு வைத்த ஈயம் இருப்பதைத் தடவிப் பார்த்து ஏலத்தில் எடுத்தான். மாட்டுத் தரகனாக இருந்தவன். வாயைப் பிளந்து பல் பார்க்காமல் எதையும் வாங்கமாட்டான். விலை படிந்ததும் விற்றவன் தன் பழைய கயிற்றை அவிழ்த்துக்கொள்ள, வாங்கியவன் புதுக்கயிறு போட்டு ஓட்டிப்போவது சந்தை வழக்கம். அப்படி அவன் விற்ற மாடுகளிடமிருந்து அவிழ்த்த கயிறுகள் கொட்டகைச் சுவரில் இன்னும் தொங்கின.

பித்தளையும் தேக்கும் கழற்றி விற்றாயிற்று. ஈயம் மட்டும் பாக்கி. அதற்குள் நாற்றம் வீட்டில் குடியேறிவிட்டது. அழுகிய மீனும் சீழும் கலந்து மேலே வெல்லப்பாகு ஊற்றியதுபோல், அரிசிப் பானையிலும் தலையணையிலும் சோறு பிசைந்த விரலிடுக்கிலும் ஒட்டிக்கொண்டு, காறித் துப்பினாலும் நாக்கைவிட்டுப் போகாத நாற்றம். படகின் அடியில் ஒட்டியிருந்த சிப்பிகள் கொட்டாவி விடுவதுபோல் வாயைத் திறந்து திறந்து மூடின. சுரண்டினால் சளி வந்தது. மறுநாள் அதே இடத்தில் அதே சிப்பி. இருந்த ஒரு ஜோடி எருதும் அறுத்துக்கொண்டு ஓடி, ஊர் தாண்டி வல்லம் போய்த்தான் நின்றன.

“யோவ், இன்னாய்யா இது, பொணத்த கட்டி வளக்கறியா?” பெண்டாட்டி பாப்பம்மாள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு வந்தாள். “இந்த வூட்ல அது இருக்கணுமா, நான் இருக்கணுமா? ஒண்ணு சொல்லு.”

“உள்ள ஈயம் கீதுடி. எடுத்துட்டா மிச்சத்த அடுப்புல வச்சிடலாம்.”

“எடு. எடுக்கற வரிக்கும் இங்கியே நிக்கறேன்.” படகின்மேல் சாய்ந்துகொண்டாள்.

கோதண்டம் மல்லாந்து படுத்து, ஓட்டைக்குள் தோள்வரை கையைவிட்டான். வெந்த கத்திரிக்காய்த் தோல்போல் ஏதோ வழுக்கியது. இன்னும் உள்ளே துழாவினான். ஈயம் தட்டுப்பட்டது.

விரலை ஏதோ பிடித்தது.

ஒரு விரல். விட்டது. இரண்டு. விட்டது. மூன்று.

துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசி முப்பது வருஷம் பழகிய கை. பிடியிலேயே தெரிந்தது. விலையை ஏற்றிக்கொண்டே போகிறவன் வாங்க வந்தவன்.

எதை?

நான்கு. இழுத்தான். கை வரவில்லை.

ஐந்து.

வேண்டாம் என்றுதான் நினைத்தான். கை பழக்கத்தில் சரியென்று அழுத்திவிட்டது.

பிடி விட்டது.

வெளியே எடுத்த கையில், சளிக்கு நடுவே, மஞ்சள் கயிறு. தாலியோடு. அவன் கட்டிய முடிச்சு அப்படியே இருந்தது.

“பாப்பு...”

நிமிர்ந்தான். பாப்பம்மாள் இப்போது மூக்கை மூடியிருக்கவில்லை. அவள் கழுத்தில் பாசி படிந்த படகுக் கயிறு. மறுமுனை ஓட்டைக்குள் ஒரு சாண் போயிற்று. இன்னொரு சாண். யாரும் இழுக்காமலே அவள் குனிந்து நடந்தாள்.

வாய் மட்டும், சத்தமில்லாமல், திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.