வெயிலில் ஓடிய வைப்பர்

காலை ஏழரை. நீர்வேலியில், பருத்தித்துறை வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கைக்குள், வாழைத்தோட்ட வேலியைப் பிய்த்துக்கொண்டு ஒரு வெள்ளை வாடகை வான் வண்டி நின்றது. அதன் முன்சில்லுக்கடியில் ஒரு சைக்கிள். அதில் வாழைக்குலை கட்டிக்கொண்டு சந்தைக்குப் புறப்பட்ட கிழவர் முருகேசு சற்றுத் தள்ளிக் கிடந்தார். உயிர் இல்லை.

தோட்டத்துச் சனம் ஓடிவந்து வானில் இருந்தவர்களை இழுத்து வெளியே கிடத்தியிருந்தது. யார் எந்த இருக்கையில் இருந்தார்கள் என்று கவனிக்க அந்தப் பதற்றத்தில் யாருக்கு நேரம்?

"வான் இடிச்சு நிண்ட பிறகும் வைப்பர் கிறீச் கிறீச் எண்டு ஓடிக்கொண்டே இருந்தது ஐயா," என்றார் பக்கத்துத் தோட்டக்காரர். "கேக்கவே பயமாக் கிடந்தது. நான்தான் எஞ்சின் திறப்பைத் திருப்பி நிப்பாட்டினனான்."

இன்ஸ்பெக்டர் யாகோப்பு வானத்தைப் பார்த்தார். ஆடி வெயில் இப்போதே சுட்டது. வீதியில் புழுதி.

"இடிச்ச இடியிலை தானா ஓடியிருக்கும் சேர்," என்றான் கூட வந்த கான்ஸ்டபிள்.

யாகோப்பு வானை நெருங்கினார். உள்ளே எட்டிப் பார்த்தார். ஸ்டியரிங்கின் இடப்பக்கம் இருந்த, வைப்பரை ஓட்டும் தடி இறங்கியிருந்தது. உடையவில்லை, வளையவில்லை. யாரோ கையால் போட்டது போலவே இருந்தது. வீதியில் பிரேக் பிடித்த அடையாளம் ஒரு சாண்கூட இல்லை.

ஆஸ்பத்திரியில் வான் சாரதி நிருஷன் தலையில் கட்டோடு படுத்திருந்தான். வயது இருபத்தெட்டு. பக்கத்தில் மனைவி உதயகலா, அவன் இடக்கையை விடாமல் பிடித்தபடி.

"கடைசியா என்ன ஞாபகம் தம்பி?" யாகோப்பு கேட்டார்.

"முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சது. கச்சான் கடலை வாங்கினது. அதுக்குப் பிறகு ஒண்டும் இல்லை சேர்."

"அதுக்கு முதல் நாள் ராத்திரி?"

"அண்டைக்கும் எயர்போட்டுக்கு ஹயர் ஓட்டம். ஆக்களைக் கொண்டுவந்து இறக்கிப்போட்டு உடனை திரும்பினனான்." அவன் யாகோப்பை நிமிர்ந்து பார்த்தான். "நான் அவரைச் சாகடிச்சுப்போட்டனோ சேர்? எனக்கே தெரியேல்லையே. கண்ணை மூடினா அந்தக் கிழவர் வந்து நிக்கிறார். ஆனா அவரை நான் பாத்த ஞாபகமே இல்லை."

செய்தது தெரிந்தால் அழலாம். செய்யாதது தெரிந்தால் வாதாடலாம். இரண்டும் தெரியாதவனுக்குப் பயம் ஒன்றுதான் மிச்சம்.

"இவரை மறியலிலை போட்டு அடைப்பியளோ ஐயா?" என்றாள் உதயகலா.

"பொறு பிள்ளை." யாகோப்பு நிருஷன் பக்கம் குனிந்தார். "தம்பி, நீர் வானுக்குள்ளை சாரதி சீற்றிலை இருக்கிறீர். ஒழுங்கைக்குள்ளை திரும்பப் போறீர். முதல் என்ன செய்வீர்?"

நிருஷனின் வலக்கை விரல்கள் வெறும் காற்றில் எதையோ தட்டின. யாகோப்பு அதைப் பார்த்துவிட்டு எழுந்தார்.

வெளியே மர வாங்கில் பராசக்தி அம்மாவும் மகன் கீர்த்திகனும் உட்கார்ந்திருந்தார்கள். கனடாவிலிருந்து தன் கலியாணத்துக்கு வந்த மகன். அவனைக் கூட்டிவரத்தான் தாய் வான் பிடித்துக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போயிருந்தார். அவர்களுக்குச் சிராய்ப்பு மட்டும்.

"உவன்தான் ஓட்டினவன்," என்றார் பராசக்தி. "முறிகண்டியிலேயே தூங்கி விழுந்தவன். நாங்கள் தப்பினது கடவுள் புண்ணியம்."

"நீங்கள் எப்ப கடைசியா நித்திரை கொண்டனீங்கள் தம்பி?" யாகோப்பு மகனிடம் கேட்டார்.

"எனக்கு பிளேனிலை நித்திரை வராது." கீர்த்திகன் நிலத்தைப் பார்த்தபடி சொன்னான்.

"சரி. ஒருக்கா வெளியிலை வாங்கோ."

முற்றத்தில் யாகோப்பின் பழைய ஜப்பான் கார் நின்றது. சாரதி இருக்கையில் கீர்த்திகனை இருத்தினார். எஞ்சினைப் போடாமல் திறப்பை மட்டும் திருப்பினார். தாய் பின்னால் ஓடி வந்தார்.

"ஒழுங்கை வருது. திரும்புங்கோ. சிக்னல் போடுங்கோ. கெதியா!" என்றார் யாகோப்பு.

கீர்த்திகனின் இடக்கை பாய்ந்து தடியைத் தட்டியது.

கிறீச். காய்ந்த கண்ணாடியில் வைப்பர் இழுபட்டது. கிறீச்.

அவன் கையை நெருப்பில் பட்டது போல இழுத்துக்கொண்டான். முகம் வெளிறிப்போனது.

"எங்கடை வாகனத்திலை சிக்னல் வலப்பக்கம், வைப்பர் இடப்பக்கம்," என்றார் யாகோப்பு. "கனடாவிலை மாறி. நிருஷன் மயக்கத்திலையும் வலக்கையாலைதான் சிக்னல் போடுவான். ஒழுங்கைக்குத் திரும்பேக்கை இடக்கையாலை தட்டினது நீங்கள்."

"என்ரை பிள்ளைக்கு அடுத்த கிழமை கலியாணம் ஐயா!" பராசக்தி காரின் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"பழி ஓரிடம், பாவம் ஓரிடம் எண்டு விடலாமோ அம்மா? அங்கை ஒருத்தன் தன்னைக் கொலைகாரன் எண்டு நினைச்சு நடுங்கிக்கொண்டு கிடக்கிறான்." யாகோப்பு மகனிடம் திரும்பினார். "கை மாறித் தட்டினது பிழையில்லை தம்பி. முழிச்சிருக்கிற ஆள் அடுத்த கணமே நிப்பாட்டியிருப்பான். நீங்கள் நிப்பாட்டேல்லை. அப்பவே நித்திரை."

"சாரதிக்குக் கண் சொருகினதைக் கண்டு பயந்துதான் திறப்பை வாங்கி நான் ஓட்டினனான்." கீர்த்திகன் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தான். "எனக்கும் ரெண்டு நாள் நித்திரை இல்லை. வீடு கிட்டத்தானே, சமாளிக்கலாம் எண்டு நினைச்சன். அந்த வைப்பர் சத்தம் எனக்குக் கேக்கவேயில்லை சேர். சைக்கிளிலை வந்த அந்த ஐயாவைக் காணவேயில்லை."

செய்தியை உதயகலாதான் உள்ளே கொண்டு போனாள். அவள் எதிர்பார்த்த நிம்மதி நிருஷனின் முகத்தில் வரவில்லை.

"அவர் திறப்பை வாங்காட்டி நான்தான் ஓட்டியிருப்பன்," என்றான் மெல்ல. "அதே ஒழுங்கை. அதே கிழவர்."

தலைமாட்டில் அவனுடைய கைத்தொலைபேசி அடித்தது. உதயகலா எடுத்தாள். இன்றிரவு எயர்போட்டுக்கு ஒரு ஹயர், ஆள் வருவாரோ என்று ஒரு குரல் கேட்டது.

"அவர் நித்திரை," என்று சொல்லி வைத்தாள்.

நிருஷன் கண்ணை மூடப் பயந்து, விழித்தபடியே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.