தங்கத்தின் முழங்கை வண்டி

தாயில்பட்டியில் பொன்னுத்தங்கத்தை யாரும் அந்த முழுப்பெயரால் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவள் தங்கம். ஆனால் அறுபத்திரண்டாம் வருஷம், தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, தெருவே அவளை ‘இஞ்சினியரம்மா’ என்று கூப்பிட ஆரம்பித்தது. பதினொரு வயதில் அப்படி ஒரு பட்டம் கிடைத்தால் தலைக்கு ஏறாமல் இருக்குமா? ஏறத்தான் செய்தது.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு வண்டி. அவளுடைய சிநேகிதி சோலையம்மாளுக்காகச் செய்த வண்டி அது.

புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கச் சின்னச் சின்ன மண் கூடுகள் வேண்டும். அதைச் செய்பவர் சுப்புத்தாய் அத்தை. அவருக்குக் கால் வலி. அதனால் சனிக்கிழமைதோறும் வெறும் கூடுகளைக் கூடையில் அடுக்கி, பட்டாசுக் கம்பெனி வாசல் வரை சுமந்துபோவது சோலைதான். ஒன்றரை மைல் சரளைப் பாதை. இரண்டு வருஷத்தில் ஒரு கூட்டைக்கூட உடைத்ததில்லை என்பதில் அவளுக்கு அவ்வளவு பெருமை. கழுத்து வலி தனி.

திங்கட்கிழமை வகுப்பில் அவள் கழுத்தைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் தங்கத்தால் பார்க்க முடியவில்லை. அவள் அப்பா ஊர்க்காவலன் சைக்கிள் கடை வைத்திருந்தார். பழைய சக்கரம், உடைந்த சீட்டு, இரும்புக் கம்பி, எதற்கும் அங்கே பஞ்சமில்லை.

சாதாரணத் தள்ளுவண்டி என்றால் சரளையில் குதிக்கும், கூடெல்லாம் தூளாகிவிடும். பலகைக்கு அடியில் ஸ்பிரிங் வைத்தால் வண்டி உயர்ந்துபோய்க் கூடை கவிழும். என்ன செய்வது என்று யோசித்தபடி, கடையில் நின்ற சைக்கிளின் பிரேக்கை அழுத்தி அழுத்தி விளையாடிக்கொண்டிருந்தாள். அந்தக் காலத்துச் சைக்கிள் பிரேக் முழுக்கக் கம்பிதான். கைப்பிடியை அழுத்தினால் ஒரு கம்பி நகரும். முழங்கை மாதிரி வளைந்த ஓர் இரும்பு அதனால் திரும்பும். அது இன்னொரு கம்பியை வேறு பக்கம் இழுக்கும்.

தங்கத்துக்கு விஷயம் பிடிபட்டது. ஸ்பிரிங் பலகைக்கு அடியில்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? இரண்டு சக்கரத்தையும் தனித்தனியாக ஆடும் சட்டத்தில் மாட்டினாள். சக்கரம் கல்லில் ஏறினால் அதிலுள்ள கம்பி மேலே தள்ளும், முழங்கை திரும்பும், பலகையின் முன்பக்கம் படுத்துக் கிடக்கும் பழைய சைக்கிள் சீட்டின் ஸ்பிரிங்கை நெருக்கும். குலுக்கலை ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும், கூடை சும்மா இருக்கும்.

இரண்டு முழங்கையிலும் அப்பா மும்மூன்று ஓட்டை போட்டுக் கொடுத்தார். கதவைக் கீல் பக்கம் தள்ளினால் லேசில் அசையாது, ஓரத்தில் தள்ளினால் சுலபமாகத் திறக்கும் அல்லவா? இதுவும் அப்படித்தான். கம்பியை வளைவிலிருந்து தள்ளி இருக்கும் கடைசி ஓட்டையில் மாட்டினால் வண்டி மெத்து மெத்தென்று போகும், கூடைக்கு அதுதான் சரி. வளைவை ஒட்டிய முதல் ஓட்டையில் மாட்டினால் விறைப்பாக நிற்கும், அது கனமான பாரத்துக்கு.

முதல் சனிக்கிழமை ஒரு கூடும் உடையவில்லை. கம்பெனி ஃபோர்மேன் பலவேசம் மாமா வண்டிக்கு அடியில் குனிந்து குனிந்து பார்த்துவிட்டு வைத்த பெயர்தான் இஞ்சினியரம்மா.

அடுத்த வெள்ளிக்கிழமை தெருப் பிள்ளைகள் எல்லாம் வண்டியில் ஏற வேண்டும் என்று நின்றார்கள். ஐந்து பேர் ஏறியதும் பலகை அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டது. தங்கம் ஸ்பேனரை எடுத்து இரண்டு கம்பிகளையும் முதல் ஓட்டைக்கு மாற்றினாள். இருட்டும்வரை சவாரி நடந்தது. கம்பியைத் திரும்ப மாற்ற உட்கார்ந்தபோது நட்டு இறுகிக் கிடந்தது, அம்மாவும் சாப்பிடக் கூப்பிட்டாள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். காலையில் மறந்தே போனாள்.

சனிக்கிழமை அப்பாவோடு முன்னதாகவே கம்பெனி வாசலுக்குப் போய்ப் பாராட்டுக்காகக் காத்து நின்றாள். சோலை வண்டியை இழுத்துக்கொண்டு வந்தாள், கண் கலங்கியிருந்தது. கூடையில் பாதிக்கு மேல் ஓடு ஓடாகக் கிடந்தது. கூலி வாங்கவென்று வெகுதூரம் பின்தங்கி நொண்டி நொண்டி வந்த சுப்புத்தாய் அத்தை தலையில் கை வைத்தார்.

வண்டி கிடைத்த குஷியில் ஓடி வந்திருப்பாள் என்றார் பலவேசம் மாமா. வண்டியில் கோளாறு இருக்க வழியில்லை, போன வாரம் அசையாமல் வந்ததே என்றார் அப்பா.

“நான் நடந்துதான் வந்தேன்,” என்றாள் சோலை. யாரும் அதைக் காதில் வாங்கவில்லை.

தங்கத்தின் கண் முழங்கை இரும்புக்குப் போனது. கம்பி முதல் ஓட்டையில் இருந்தது. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனால் அப்பா பக்கத்தில் நின்றார், மாமா முன்னால் நின்றார். வாய் திறக்கவே இல்லை.

“இனிமே நீ வேண்டாம் தாயி. நான் வேற ஆளு பாத்துக்கிடுறேன்,” என்றார் அத்தை. சோலை தங்கத்தை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டுத் தனியாக வீட்டுக்கு நடந்தாள்.

தங்கம் அப்பாவுக்குப் பின்னால் வீட்டுக்கு நடந்தாள். வழியில் யாரோ ‘இஞ்சினியரம்மா’ என்றபோது அழுகையே வந்துவிட்டது. தன்னை நினைக்கவே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அத்தை வீட்டுக்குப் போனாள். மீதிக் கூடு எப்போது வரும் என்று கேட்கப் பலவேசம் மாமாவும் வந்திருந்தார். தங்கம் தலையைக் குனிந்துகொண்டு, தப்பு தன்னுடையது என்று சொன்னாள்.

“சிநேகிதிக்காகப் பழிய இவ ஏத்துக்கிடுறா பாருங்க,” என்று அத்தை அவள் கன்னத்தைத் தடவினார். “எம்புட்டு நல்ல மனசு.”

மாமாவும் ஆமாம் என்று தலையாட்டினார். இரண்டு அறை விட்டிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

தங்கம் வீட்டுக்கு ஓடினாள். அப்பாவைக் கூப்பிட்டாள். வண்டியை இழுத்துக்கொண்டு சோலை வீட்டு வாசலில் போய் நின்றாள். சோலை முகத்தைத் திருப்பிக்கொண்டாள், ஆனால் அத்தை வீட்டுக்குக் கூடவே வந்தாள்.

சூளையில் கோணிப்போன கூடுகளை அத்தையிடம் கேட்டு வாங்கி, தங்கம் கூடையில் அடுக்கினாள்.

“நீங்களே இழுங்க அத்தை. எம்புட்டு மெதுவா வேணும்னாலும் போங்க.”

அத்தை அந்தக் காலோடு சரளையில் எறும்பு மாதிரி நகர்ந்தார். பத்து எட்டு வைப்பதற்குள் கூடைக்குள் சடசடவென்று சத்தம். நான்கு கூடு போய்விட்டது. அத்தை கைப்பிடியை நெருப்பைத் தொட்டவர்போல் விட்டார்.

தங்கம் எல்லோர் முன்னாலும் மண்ணில் உட்கார்ந்து நட்டைக் கழற்றி, இரண்டு கம்பிகளையும் கடைசி ஓட்டைக்கு மாற்றினாள். பிறகு சோலையை இழுக்கச் சொன்னாள், அதுவும் ஓடச் சொன்னாள். சோலை பள்ளிக்கூட மூலை வரை ஓடித் திரும்பினாள். ஒன்றும் உடையவில்லை.

“பிள்ளைங்களுக்குச் சவாரி விட ஓட்டைய மாத்துனேன். திரும்ப மாத்தல. நேத்து வாசல்ல நிக்கும்போதே எனக்குத் தெரியும்,” என்றாள் தங்கம்.

“தெரிஞ்சுமா பேசாம நின்ன?” என்று அப்பா கேட்டார்.

“ஆமாப்பா.”

இந்தத் தடவை யாரும் அவளை நல்ல மனசு என்று சொல்லவில்லை. அதுவே அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அத்தை சோலையின் கையைப் பிடித்துக்கொண்டார். “நீ சொன்னத நான் கேட்டிருக்கணும் தாயி. சனிக்கிழம நீதான் வரணும்.”

சோலை சரியென்றாள். தங்கத்திடம் மட்டும் பேசவில்லை. அந்த வாரம் முழுக்க வகுப்பில் வேறு பக்கம்தான் உட்கார்ந்தாள். தங்கமும் போய்த் தொந்தரவு செய்யவில்லை.

சனிக்கிழமை கூடை ஏறியது. சோலை முதலில் குனிந்து, எந்த ஓட்டையில் கம்பி இருக்கிறது என்று பார்த்தாள். இரண்டு நட்டையும் தன் கையால் திருகிப் பார்த்தாள். நான் பார்த்துவிட்டேன் என்று சொல்ல வந்த தங்கம் அதை அப்படியே விழுங்கிக்கொண்டாள்.

“ஏ புள்ள,” என்றாள் சோலை, திரும்பிப் பார்க்காமலே. “சும்மா நிக்காத. பின்னால வந்து தள்ளு.”

தங்கம் ஒரே ஓட்டமாக ஓடி வண்டியில் கை வைத்தாள். ஒன்றரை மைலும் குனிந்த தலை நிமிராமல் தள்ளினாள். கம்பெனி வாசலில் பலவேசம் மாமா கூடையை எட்டிப் பார்த்துவிட்டு, என்ன, இஞ்சினியரம்மா பின்னால் நிற்கிறாரே என்று கேட்டார்.

“இன்னைக்கு நான் தள்ளுற ஆளு மாமா,” என்றாள் தங்கம்.

முன்னால் நின்ற சோலையின் முகம் தெரியவில்லை. ஆனால் அவள் தோள் குலுங்கியது. அவள் சிரிக்கிறாள் என்று தங்கத்துக்குத் தெரிந்துவிட்டது.