மறுப்பாளர் பட்டியல்

காலை ஆறு பத்துக்குக் காரிலிருந்த வழிகாட்டிக் கருவியான தடஞ்சொல்லி, அருணகிரியைக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னைக்குப் போகச் சொன்னது. நான்கு வருடத்தில் முதல் தடவையாக அவன் சரி என்றான்.

பக்கத்து இருக்கையில் இருந்த அவன் மனைவி தேன்மொழியால் நம்ப முடியவில்லை. "நெஜமாவா? எதுத்து ஒரு வார்த்தை பேசலியே நீங்க?"

"இன்னிக்கு ஒரு நாளாவது அது சொல்றபடி போவோம்னு நீதானே கெஞ்சுன?"

விழுப்புரத்தில் அருணகிரியின் வீம்பு பிரசித்தம். தடஞ்சொல்லி வந்த பிறகு தலைநகருக்குப் போகும் சாலைகளில் நெரிசல் என்பதையே ஜனங்கள் மறந்திருந்தார்கள். பழைய கைபேசி வரைபடங்கள் எல்லோருக்கும் ஒரே குறுக்கு வழியைக் காட்டி, எல்லோரையும் அங்கேயே கொண்டுபோய் அடைத்தன. இது அப்படியில்லை. தடப்பங்கீட்டு மையத்தின் கணிப்பொறி ஆளுக்கு ஒரு வழியாகப் பிரித்துக் கொடுக்கும். ஒருவருக்குச் செங்கல்பட்டு, இன்னொருவருக்குக் கடற்கரைச் சாலை, மூன்றாமவருக்கு ரயில். கட்டாயம் கிடையாது, கேட்பதும் கேட்காததும் அவரவர் இஷ்டம் என்று சட்டசபையிலேயே உறுதி கொடுத்திருந்தார்கள். டீக்கடையில் இப்போது வணக்கத்துக்குப் பதில், "ஒனக்கு எந்த வழி சொல்லுச்சு?" என்றுதான் பேச்சே ஆரம்பிக்கும்.

அருணகிரி மட்டும் அது சொன்ன வழியில் போகவே மாட்டான். செங்கல்பட்டு என்றால் கடற்கரைச் சாலையில் போவான். கடற்கரைச் சாலை என்றால் செங்கல்பட்டு. "நல்ல ரோட்ட யாருக்கோ ஒதுக்கி வச்சிட்டு நம்மள வேற பக்கம் ஓட்டிவிடுதுய்யா" என்பது அவன் வாதம். இதில் எரிச்சலான விஷயம், அவன் ஒரு தடவைகூடத் தாமதமாகப் போய்ச் சேர்ந்ததில்லை. கேட்பவர்களுக்கு வயிறு எரியும்.

அப்பேர்ப்பட்டவன் இன்று வீம்பை மூட்டை கட்டி வைத்ததற்கு எழும்பூரில் காரணம் இருந்தது. ஒரு தத்தெடுப்பு இல்லம். இரண்டரை வயதுப் பெண் குழந்தை, பெயர் மின்னி. பதினோரு வருடக் காத்திருப்புக்குப் பிறகு கிடைத்த அழைப்பு. காலை பதினோரு மணிக்குள் இருவரும் அங்கே இருக்க வேண்டும். சந்திப்பில் குழந்தை தானாக அவர்களிடம் வர வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் வாய்ப்பு பட்டியலில் அடுத்த தம்பதிக்குப் போய்விடும். தேன்மொழி கைப்பையில் குழந்தையின் படத்தை வைத்திருந்தாள். திண்டிவனம் வருவதற்குள் நாலு தடவை எடுத்துப் பார்த்துவிட்டாள்.

மரக்காணம் தாண்டி ஏழரை மணிக்கு வண்டி நின்றது. முன்னால் உப்பு லாரிகள், முகூர்த்த நாள் என்பதால் கல்யாண வேன்கள், அவற்றுக்கு அப்பால் பாதி அடைத்து வேலை நடக்கும் ஒரு பாலம். எட்டு ஆயிற்று. எட்டரையும் ஆயிற்று. நெரிசலைப் பார்த்துப் பல வருடமாகிவிட்டதால் பாதிப் பேர் இறங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

அருணகிரி தடப்பங்கீட்டு மையத்தைக் கூப்பிட்டான். ஓர் இளம்பெண்ணின் குரல் வந்தது.

"சார், உங்கள யாரு கடற்கரைச் சாலைக்கு வரச் சொன்னது?"

"உங்க மெஷின்தாம்மா!"

"சொல்லுச்சு சார். ஆனா நீங்க வந்திருக்கக் கூடாதே." அவள் எதையோ தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. "நீங்க மறுப்பாளர் பட்டியல்ல இருக்கீங்க. சொன்னதுக்கு எதிராப் போறவங்க. நீங்க செங்கல்பட்டு வழியாப் போகணும்னா, உங்களுக்குக் கடற்கரைச் சாலைன்னுதான் சொல்லும். நாலு வருஷமா அப்படித்தான் சொல்லிட்டிருக்கு. நீங்களும் ஒரு தடவை தப்பாம போயிட்டிருந்தீங்க."

அருணகிரிக்கு முகம் செத்துவிட்டது. ஊரையே ஏய்த்ததாக நினைத்துக்கொண்டிருந்த நாலு வருடமும் அவன்தான் ஊரிலேயே சொன்ன பேச்சு தட்டாத பிள்ளையாக இருந்திருக்கிறான். அவமானம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். ஆனால் மணி எட்டே முக்கால்.

தேன்மொழி கைபேசியை வாங்கிக்கொண்டாள். "அது கெடக்கட்டும்மா. பதினோரு மணிக்குள்ள எழும்பூர்ல இருக்கணும். எப்படிப் போறது?"

"சொல்றேன் மேடம். அதுக்கு முன்ன, சொன்னா கேப்பீங்களா, மாட்டீங்களா? அத வச்சுத்தான் மெஷின் பதில் குடுக்கும்."

"கேப்போம்."

"கேப்போம்னு சொல்றவங்கள்ல பாதிப் பேர் கேக்கறதில்லன்னு இங்க காட்டுது மேடம்." அந்தப் பெண் உண்மையிலேயே சங்கடப்பட்டாள்.

"மெஷின விடு. நீயா இருந்தா எப்படிப் போவ?"

அந்தப் பெண் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "ரயில்ல மேடம். இங்க வேலை பாக்கற யாருமே ரோட்டுல போறதில்ல. திருப்பிக்கிட்டு மேல்மருவத்தூருக்குப் போங்க. ஒன்பதரைக்கு வண்டி இருக்கு."

வண்டியைத் திருப்பினார்கள். மேல்மருவத்தூர் ரயில் நிலையத்தில் காரை விட்டுவிட்டு ஓடி, நகரத் தொடங்கிய பெட்டியில் ஏறினார்கள். எழும்பூரில் இறங்கி ஓட்டமும் நடையுமாக இல்லத்துக்குள் நுழைந்தபோது மணி பத்து ஐம்பத்தெட்டு.

இல்லத்தின் பொறுப்பாளர் வைதேகி மூக்குக்கண்ணாடி போட்ட, சிரித்த முகமுள்ள பெண்மணி. மின்னி அவர் புடவைக்குப் பின்னால் ஒளிந்து நின்றாள். தேன்மொழி மண்டியிட்டுக் கை நீட்டினாள். "வாடா கண்ணு" என்றாள். குழந்தை அசையவில்லை. அருணகிரி அழைத்தான். பொம்மை காட்டினான். அவள் ஒரேயடியாகத் தலையை ஆட்டி மறுத்தாள். கால் மணி நேரம் போனது. தேன்மொழியின் கண்கள் நிறைந்துவிட்டன.

வைதேகி கடிகாரத்தைப் பார்த்தார், தேன்மொழியின் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து, குரலில் கண்டிப்பை வரவழைத்துக்கொண்டு, "மின்னி, அந்த மாமாகிட்ட மட்டும் போகவே கூடாது. சொல்லிட்டேன்!" என்றார்.

மின்னி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அடுத்த நொடி குடுகுடுவென்று ஓடி வந்து அருணகிரியின் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். தேன்மொழி அழுதுகொண்டே சிரித்தாள்.

வைதேகி படிவத்தை நீட்டினார். 'குழந்தை தானாகவே அணுகியது' என்ற வரிக்கு நேரே 'ஆம்' என்று எழுதியிருந்தது. கீழே அருணகிரி கையெழுத்துப் போட வேண்டும்.

அவன் பேனாவைப் பிடித்தபடி அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தான். மடியிலிருந்த கனம் இதமாக இருந்தது. குனிந்து குழந்தையின் காதில், "நீயாத்தானே வந்த?" என்று கேட்டான்.

மின்னி பெருமையாக, "ஆமா!" என்றாள்.

அவன் கையெழுத்துப் போட்டான்.