சுழல்காற்று வீசிய செவ்வாய்க்கிழமை

சனிக்கிழமை மதியம், மடிக்கணினியை மார்போடு அணைத்தபடி டமாண்டா, சோம்பா நகரிலிருந்த கோண்ட்வேயின் வீட்டுக்கு வந்தாள்.

“ஐயா, அஞ்சு மணிக்கு என் கணக்க முடக்கிடுவாங்க. நான் திருடினேனாம்.”

இணையக் கலைக்களஞ்சியத்தில் ஆப்பிரிக்கா பற்றி எழுதும் தன்னார்வலர்கள் அவர்கள். ஒருவர் கட்டுரையை மற்றவர் சரிபார்க்க வேண்டும். 1961-இல் நாற்பத்தொரு பேருடன் ஏரியில் மூழ்கிய ‘டியெண்டே’ படகைப் பற்றி டமாண்டா எட்டு மாதம் உழைத்து எழுதியிருந்தாள். சரிபார்த்தவர் லிம்பானி, குழுவுக்கே விதிகளைக் கற்பித்தவர். நேற்று அவர் ஒரு சிறுநூலின் பக்கங்களைப் படமெடுத்துப் போட்டிருந்தார். அச்சான ஆண்டு 1974. அவள் கட்டுரை முழுவதும் அதில் இருந்தது.

அங்கிருந்த பள்ளி ஆசிரியர் யாமிகானிக்கே ஒரு கணம் அவள்மேல் சந்தேகம் வந்தது. நீதிமன்றத்தில் முப்பது ஆண்டு சுருக்கெழுத்தராக இருந்த கோண்ட்வே மட்டும் நிதானமாகக் கட்டுரையின் திருத்த வரலாற்றைப் படித்தார். பிறகு சிறுநூலின் படங்களைப் பார்த்தார்.

“யாமிகானி, கெளம்பு.”

மூவரும் போனபோது, குழு கூடும் வகுப்பறையில் லிம்பானி தனியாக இருந்தார். மணி நாலே முக்கால்.

“இந்தப் புத்தகத்த எப்போ மொதல்ல பாத்தீங்க?” என்றார் கோண்ட்வே.

“நேத்துதான். வீட்டுப் பெட்டியில கெடந்துச்சு.”

“டமாண்டா, படகக் கவுத்தது எந்தக் காத்துன்னு எழுதின?”

“ம்வேரா, தெக்குக் காத்து. அன்னிக்கு வந்த பத்திரிகையில அப்படித்தான் இருக்கு.”

“செவ்வாய்க்கிழம லிம்பானி அத அழிச்சிட்டு, ‘யாரும் எதிர்பாராத சுழல்காற்று’ன்னு மாத்தினாரு. புதன்கிழம காலையில நீ பழையபடி வச்சிட்ட. அந்த வரி கட்டுரையில இருந்தது ஒரே நாள்.” கோண்ட்வே லிம்பானியின் பக்கம் திரும்பினார். “செவ்வாய்க்கிழம நீங்க எழுதின வரி, நேத்துதான் பாத்த புத்தகத்துல எழுத்து மாறாம எப்படி வந்துச்சு?”



யாமிகானி பொறுக்க முடியாமல் கேட்டார்: “காத்து எதுவா இருந்தா இவருக்கு என்னங்க?”

“ம்வேரா தெக்கேருந்து எழும்பும்போதே கரையில இருக்கிறவனுக்குத் தெரியும். தெரிஞ்சும் படக எடுத்தா அது கேப்டன் தப்பு. சுழல்காத்துன்னா யார் மேலயும் தப்பில்ல. இவள வெளியேத்திட்டா அந்த வரிய திரும்ப மாத்த ஆளில்ல.” கோண்ட்வே குரலைத் தாழ்த்தினார். “அந்தக் கேப்டன் உங்களுக்கு யாரு?”

“எங்கம்மாவோட அப்பா,” என்றார் லிம்பானி. “அம்மா இன்னும் உயிரோட இருக்காங்கய்யா. இத எப்படிப் படிப்பாங்க?”

“சொந்தக்காரங்க பத்தின கட்டுரைய யாரும் சரிபாக்கக் கூடாதுன்னு சொல்லிக்கொடுத்ததே நீங்கதானே,” என்றாள் டமாண்டா.

லிம்பானி தன் மடிக்கணினியை இழுத்துத் தட்டச்சு செய்தார்: ‘கேப்டன் என் தாத்தா. அந்த நூல் நான் போலியாகச் செய்தது. ம்வேரா என்பதே சரி. சரிபார்ப்பிலிருந்து விலகுகிறேன்.’

மணி நாலு ஐம்பத்தெட்டு. சேமிக்கும் பொத்தானின்மேல் விரல் தயங்கி நின்றது.

“உங்க தாத்தா ரெண்டு கொழந்தைங்கள கரை சேத்துட்டு, மூணாவதுக்காகத் திரும்பத் தண்ணியில எறங்கினாருன்னும் எழுதியிருக்கேனே,” என்றாள் டமாண்டா. “காத்தையே பாத்துக்கிட்டு இருந்தீங்க. அந்தப் பத்தி உங்க மனசுல நிக்கவே இல்லையா?”

லிம்பானி அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பொத்தானை அழுத்தினார்.