இஞ்சின் நின்ற பிறகும்

முதலாளி ஆள் அனுப்பிக் கூப்பிட்டதால்தான் அந்தக் கல்குவாரிக்குப் போனேன். மற்றபடி அவன் முகத்தில் விழிக்க எனக்கு மனமில்லை. மதிய இடைவேளை முடிந்து கிரஷர் அரைக்கத் தொடங்கியிருந்தது. மழை மூட்டம். கல்தூசி மேலே எழ முடியாமல் முழங்கால் உயரத்தில் மிதந்துகொண்டிருந்தது.

இரண்டு மாதத்துக்கு முன் இங்கேதான் என் அக்கா புருஷன் செத்தார். பள்ளத்திலிருந்து கல் ஏற்றி வரும் லாரிக்கு மேடேறத் தெம்பு கிடையாது. பாதியில் முக்கி நிற்கும். நின்ற கணமே, பின்னால் நடந்து வருகிற ஆள் சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டையைச் செருக வேண்டும். அந்த ஆள்தான் மாமா. ஒரு நாள் கட்டை வழுக்கியது. லாரி அவர் மேல் இறங்கியது.

"சின்ன இஞ்சின், இந்தப் பாரம் தாங்காது, டர்போ போடுங்க" என்று நான் சொல்லாத நாளில்லை. "எதுக்கு? அதான் உன் மாமன் இருக்கானே கட்டை வைக்க" என்பான் முதலாளி. மாமா செத்த அன்று, "கவனமில்லாத பய" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனான். அக்கா இன்னும் அங்கேதான் ஜல்லி சலிக்கிறாள். வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

முதலாளி நாற்காலியில் சாய்ந்து பல் குத்திக்கொண்டிருந்தான்.

"வாடா மெக்கானிக். லாரிக்கு இன்னும் கொஞ்சம் இழுவை கூட்டணும். லோடு ஜாஸ்தி ஏத்தப்போறேன்."

"இருக்கிற லோடையே இழுக்காதே அது?"

"இப்ப இழுக்குது. போய்ப் பாரு."

பார்த்தேன். பின்கதவுக்கு மேல் குவியலாகக் கல்லை ஏற்றிக்கொண்டு லாரி மேடேறி வந்தது. திணறவில்லை, நிற்கவில்லை. எவனோ கைவரிசை காட்டியிருக்கிறான் என்று நினைத்தேன்.

கல் கொட்டியதும் இஞ்சினைத் திறந்தேன். யாரும் கை வைத்திருக்கவில்லை. டீசல் பம்பின் ஈயச் சீல் உடையாமல் அப்படியே துருவேறிக் கிடந்தது. டர்போ கிடையாது. ஒரு சிலிண்டர் முற்றிலும் செத்திருந்தது. அந்த இஞ்சின் காலி வண்டியை இழுத்திருந்தாலே நான் அதைக் கும்பிட்டிருப்பேன்.

"எப்படிண்ணே இது ஏறுது?" என்று டிரைவரிடம் கேட்டேன்.

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"நான் சொன்னா பைத்தியம்பே. நீயே ஏறி உக்காரு."

பக்கத்துக் கண்ணாடிகள் இரண்டையும் சாக்குத் துணியால் இறுகக் கட்டியிருந்தார்.

"இதெதுக்கு?"

"ஒரு தடவை பாத்துட்டேன். போதும்."

பள்ளத்தில் கல் ஏற்றிக்கொண்டு மேட்டில் திரும்பினோம். கால்வாசி தூரம் போவதற்குள் இஞ்சின் இருமியது. வேகம் செத்தது. என் கால் தானாகவே இல்லாத பிரேக்கை மிதித்தது.

பின்னாலிருந்து ஓர் உந்தல்.

முதுகு இருக்கையில் அழுந்தியது. லாரி மறுபடி ஏறியது. டிரைவர் என்னைப் பார்க்காமல், "இப்பப் பாரு" என்று முணுமுணுத்து இஞ்சினை அணைத்தார்.

லாரி நிற்கவில்லை.

இஞ்சின் சத்தமே இல்லாமல், அத்தனை டன் கல்லோடு, ஏறிக்கொண்டிருந்தது. கற்கள் ஒன்றோடொன்று உரசின. ஈரச் சாக்கும் வியர்வையும் கலந்த வாடை அடித்தது. பின்னால் யாரோ மூச்சு வாங்கினார்கள். இழுத்து, இழுத்து, நெஞ்சுக்கூடு கிழிகிற மாதிரி. நடுநடுவே ஒரு குரல்.

"ஏறும்மா... ஏறு..."

மாமா லாரியிடம் அப்படித்தான் பேசுவார்.

குதித்துப் பின்னால் ஓடினேன். யாரும் இல்லை. ஆனால் முந்தின நாள் மழைச் சேற்றில், இரண்டு சக்கரத் தடத்துக்கும் நடுவில், கால் தடங்கள் விழுந்துகொண்டிருந்தன. குதிகால் இல்லை. வெறும் விரல்கள். ஊன்றித் தள்ளுகிறவனின் விரல்கள், ஆழமாக.

ஒன்று. அடுத்து இன்னொன்று.

பயம் எனக்கு அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது ஆத்திரம்.

நேராக முதலாளியிடம் போனேன். "டர்போவை நானே கொண்டாந்து மாட்டுறேன். பின் அச்சுல பல்லுச் சக்கரத்தையும் மாத்திடலாம். வண்டி தானா ஏறும். அந்த மனுசனை விட்டுடுங்க."

அவன் அதிர்ச்சி அடைவான் என்று எதிர்பார்த்தேன். அவன் பல் குத்தும் குச்சியைத் தூர எறிந்தான்.

"ரெண்டு நாள் லாரியை நிறுத்துனா கிரஷரு பட்டினி கிடக்கும்டா. அவனால முடிஞ்சதை அவன் தள்ளுறான். நல்ல பய, முறுமுறுக்கிறதே இல்ல. மிச்சத்துக்குத்தான் உன்னைக் கூப்பிட்டேன். பம்பைக் கொஞ்சம் திருகிவிட்டுட்டுப் போ."

இவனுக்குத் தெரிந்திருக்கிறது. முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது.

சல்லடை தரையில் விழுந்தது. அக்கா எங்கள் பின்னால்தான் நின்றிருந்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மேட்டில் இறங்கினாள்.

லாரி அடுத்த லோடோடு வந்துகொண்டிருந்தது. அவள் ஒதுங்கி வழிவிட்டு, அதன் பின்னால் போய், வெறும் காற்றுக்கு முன் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"யோவ்! வெக்கமா இல்ல உனக்கு?"

மூச்சுச் சத்தம் தடைபட்டது.

"உசுரோட இருக்கயில இவனுக்கு மாடா உழைச்ச. புள்ளைக்குக் காய்ச்சல்னாலும் லோடுன்னு ஓடுன. செத்தும் இவனுக்குத்தானா? பாடையில போட்டுத் தூக்கிட்டுப் போனோமே, பாதியில எந்திரிச்சு வேலைக்கு வந்துட்டியா? நான் அங்க சாமத்துல முழிச்சுக் கிடக்கேன், நீ இங்க கல்லு தள்ளுற!"

லாரி நின்றது. டிரைவர் பிரேக்கை மிதித்துக்கொண்டு அலறினார். நான் பெரிய கற்களாகப் பார்த்துச் சக்கரங்களுக்கு அடியில் உருட்டினேன்.

"போதும்யா" என்றாள் அக்கா. குரல் உடைந்துவிட்டது. "வீட்டுக்கு வா."

சேற்றில் விரல்தடங்களுக்குப் பக்கத்தில் இரண்டு முழுப் பாதங்கள் மெல்லப் பதிந்தன. குதிகாலோடு.

அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பாதங்கள் அவளுக்கு ஓர் அடி பின்னால் நடந்தன. மேலிருந்து முதலாளி, "ஏய்! லோடு நிக்குதுடா! இறக்குங்கடா!" என்று கத்திக்கொண்டிருந்தான்.

அன்று சாயங்காலம் அக்கா வெந்நீர் வைத்துக் குளியலறைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். நான் அக்கா பையனை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. வெகுநேரம் கேட்டது. வெளிச் சாக்கடையில் வழிந்த தண்ணீர் டீசல் கரியாகக் கறுத்திருந்தது.

"தூங்கட்டும். அந்தப் பக்கம் போகாத" என்று மூலையில் மாமாவுக்கு ஒரு பாயை விரித்துப் போட்டாள்.

மறுநாள் காலையில் வாசலில் கார் ஹாரன். பையன் பள்ளிக்கூடம் போயிருந்தான். நானும் அக்காவும் தெருவுக்கு இறங்கினோம். முதலாளி முகம் வெளிறியிருந்தது. விடிந்ததிலிருந்து லாரி ஒரு லோடுகூட மேலே ஏற்றவில்லை.

"அவனை வரச் சொல்லு."

"யாரை?" என்றாள் அக்கா.

"விளையாடாத. டர்போ போடறேன், பல்லுச் சக்கரம் மாத்தறேன், எல்லாம் செய்றேன். அதுவரைக்கும் நாலு நாளைக்கு வந்து தள்ளச் சொல்லு."

"அவரு வேலையை விட்டுட்டாரு."

"நான் உள்ள போயி அவன்கிட்டயே பேசிக்கிறேன்" என்று அவன் அவளை விலக்கிவிட்டுப் படியில் கால் வைத்தான்.

திறந்துகிடந்த கதவு அவன் முகத்துக்கு நேராக மூடியது.

நாங்கள் மூன்று பேரும் தெருவில் நின்றோம். வீட்டுக்குள் ஆள் இல்லை.

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.