ஆமை குளித்த இடம்

பசுமைக்குடிலுக்குள் நுழைந்ததும் சுண்டெலி அப்படியே நின்றுவிட்டாள். குடமிளகாய்ச் செடிகள் அத்தனையும் தலையைத் தொங்கப் போட்டிருந்தன.

சுண்டெலி என்பது அம்மா வைத்த செல்லப் பெயர். எந்தப் பொந்தைக் கண்டாலும் விரலை விட்டுப் பார்ப்பாள்.

வரிசைகளுக்கு நடுவே ஊர்ந்து செடிகளைப் படம் பிடிக்கும் குட்டி ரோபோவுக்கு ஆமை என்று பெயர். அது கைபேசிக்கு அனுப்பிய படம் முழுக்கச் சிவப்புப் புள்ளிகள். சிவப்பு என்றால் செடி வாடுகிறது என்று அர்த்தம்.

"மண்ணுல ஈரம் நிறைய இருக்குன்னு சென்சார் சொல்லுது. அது பக்கத்துல தோண்டியும் பார்த்தேன், சேறுதான். ஈரம் இருந்தும் வாடுதுன்னா வேர் அழுகல்." அம்மா செடிகளைக் காட்டினாள். "அடுத்த குடிலுக்குப் பரவுறதுக்குள்ள எல்லாத்தையும் பிடுங்கிடணும்."

அப்பா கையுறையை மாட்டினார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. இந்தச் செடிகளை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

"கொஞ்சம் பொறுங்கப்பா."

"பொறுத்தா அடுத்த குடிலும் போயிடும் கண்ணு. நீ வெளிய போ."

சுண்டெலி போகவில்லை. மண்ணை மூடியிருந்த பிளாஸ்டிக் விரிப்பில் செடிக்கு ஓர் ஓட்டை இருந்தது. விரலை விட்டாள். மண் பொலபொலவென்று உதிர்ந்தது. அடுத்த ஓட்டையிலும் அப்படித்தான். அதற்குள் அப்பா முதல் செடியின் தண்டைப் பிடித்துவிட்டார்.

"அப்பா, விடுங்க. இங்க பொட்டு ஈரம்கூட இல்ல."

அம்மாவும் விரலை விட்டுப் பார்த்தாள். "அப்போ சென்சார் பொய் சொல்லுதா?"

சென்சார் வாசலோரம் ஊன்றியிருந்தது. அங்கே மட்டும் சகதி. சகதியில் ஆமையின் சக்கரத் தடம். பக்கத்தில் ஒரு வாளியும் பழைய பிரஷ்ஷும் கிடந்தன.

"ஆமையை இங்க யாரு குளிப்பாட்டுறது?" என்றாள் சுண்டெலி.

அப்பா தொண்டையைச் செருமினார். "நாள் பூரா அலையுது, பாவம். சாயங்காலம் ஒரு வாளி தண்ணி ஊத்துவேன்."

சென்சார் பொய் சொல்லவில்லை. தன் காலடியில் ஈரம் என்றுதான் சொன்னது. அதை நம்பி, மண் காய்ந்தால் தானாகத் திறக்கும் தண்ணீர்க் குழாய் மூடியே கிடந்தது.

சுண்டெலி சென்சாரைப் பிடுங்கித் துடைத்து நடு வரிசையில் ஊன்றினாள். மூன்று பேரும் கைபேசியையே பார்த்தார்கள். ஈரத்தைக் காட்டும் எண் அசையவில்லை. அம்மா அவள் தோளை இறுக்கிப் பிடித்தாள். பிறகு எண் மெல்ல இறங்கியது, இறங்கிக்கொண்டே போனது.

டக்கென்று குழாய் திறந்தது. செடிகளின் காலடியில் தண்ணீர் சொட்டத் தொடங்கியது. அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் இலைகள் நிமிர்ந்தன. அப்பா ஆமையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, வாளியோடு வெளியே நடந்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் அம்மா.

"ரோட்டோரத்துக்கு. இவன் இன்னும் குளிக்கல."