அம்மாவின் கைகள் ஓடவில்லை

சிட்டு பக்கத்து வீட்டுக்குள் நுழைந்தபோது அந்த வீட்டுப் பொடியன் மேசைக்கு அடியில் இருந்தான். உதடு ஒரு முழம் பிதுங்கியிருந்தது.

அவனுக்கு ஆறு வயது. காது கேட்காது. கைகளால்தான் பேசுவான். அவனோடு விளையாடி விளையாடியே சிட்டுவும் அந்தப் பேச்சைக் கற்றுக்கொண்டிருந்தாள்.

"என்னடா ஆச்சு?" என்று கைகளால் கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமை அம்மா வரமாட்டாங்களாம்."

அவன் அம்மா ஒரு நர்ஸ். பயிற்சிக்காக வெளியூர் போயிருந்தாள். தினமும் சாயங்காலம் கம்ப்யூட்டரில் முகம் பார்த்து, கைகளால் மகனோடு பேசுவாள்.

"அவ கூப்பிட்டப்போ நான் துணி துவைச்சிட்டிருந்தேம்மா, பாக்கல" என்றார் பொடியனின் அப்பா. "போன் பண்ணினா எடுக்கல. வேலையில இருப்பா. இடைவேளையில அவளே கூப்பிடுவா."

"அம்மா எப்படிச் சொன்னாங்க? செஞ்சு காட்டு" என்றாள் சிட்டு.

பொடியன் 'ஞாயிறு' என்று காட்டினான். பிறகு 'இல்லை' என்றான். அப்புறம் சிலை மாதிரி கையை அந்தரத்தில் நிறுத்திவிட்டான்.

"ஏன் நின்னுட்ட?"

"அம்மா கையும் நின்னுடுச்சு. நேத்திலிருந்து இப்படித்தான். நின்னு நின்னு குதிக்குது."

நேற்றுதான் பிரவுசரில் வீடியோ ஓட்டும் பிளகின் என்ற குட்டி நிரலுக்கு அப்டேட் வந்தது. அதைச் செய்த குழுவில் சிட்டுவின் சித்தியும் ஒருத்தி. சிட்டு ஒரே ஓட்டமாக வீட்டுக்கு ஓடினாள்.

"நின்னு நின்னு போகுதா? என் கம்ப்யூட்டர்ல பட்டு மாதிரி ஓடுதே!" என்றாள் சித்தி.

"உங்களோடதுல ஓடும் சித்தி. அவங்களோடது அரதப் பழசு. வந்து பாருங்களேன்!"

சித்தியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அவர்கள் வந்த கொஞ்ச நேரத்தில் அம்மாவின் அழைப்பும் வந்தது.

திரையில் அம்மாவின் முகம் பளிச்சென்று தெரிந்தது. தொப்பியில் குத்திய ஊசிகளைக்கூட எண்ணலாம். ஆனால் கைகள்? மேலே போனவை அங்கேயே நின்றன. அடுத்த நொடி மடியில் கிடந்தன. நடுவில் என்ன சொன்னாள் என்று அந்தக் கடவுளுக்கே வெளிச்சம்.

"அடடா!" என்றாள் சித்தி. "படம் இவ்வளவு தெளிவா வரணும்னு நாங்கதான் மெனக்கெட்டோம். பாவம், இந்தப் பழைய கம்ப்யூட்டரால இழுக்க முடியல."

சிட்டு யோசித்தாள்.

"ஊசியெல்லாம் அவனுக்கு எதுக்கு சித்தி? கை ஓடினாப் போதும். தெளிவைக் குறைக்க முடியாதா?"

சித்தி திரையோரத்தில் மேலும் கீழும் நகரும் ஒரு பொத்தானைக் காட்டினாள். சிட்டு அதைக் கீழே இறக்கினாள். மழை பட்ட கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பதுபோல அம்மா மங்கிப் போனாள். ஆனால் கைகள் மீன்குஞ்சு மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடின!

"மறுபடி சொல்லுங்க அத்தை!" என்று சிட்டு கைகளால் கேட்டாள்.

அம்மா சொன்னாள். "ஞாயிறு இல்லைடா கண்ணா. ஒரு நாள் முன்னாடியே, சனிக்கிழமையே வர்றேன்!"

பொடியன் நம்பவில்லை. இன்னொரு தரம் சொல்லச் சொன்னான். பிறகு நாற்காலி மேலேயே ஏறிக் குதித்தான்.

சித்தி அந்தப் பழைய கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நாளைக்கு ஆபீசுல இந்த மாதிரி ஒரு கிழவனைத் தேடிப் பிடிக்கணும். அடுத்த அப்டேட்டை முதல்ல அதுல ஓட்டிப் பாக்கணும்."

பொடியனுக்கோ அம்மாவிடம் சொல்ல இரண்டு நாள் கதை பாக்கி இருந்தது. அப்பா சோற்றுத் தட்டோடு வந்தார். பையனின் இரண்டு கைகளும் பேச்சில் மும்முரமாக இருந்தன. தட்டை வாங்க ஒரு கைகூட மிச்சமில்லை.

வேறு வழியில்லாமல் அப்பாவே ஊட்டிவிட்டார்.